டியூஷன் பொண்ணைக் கார்ல கூட்டிட்டுப் போற அந்த 'அண்ணா': ஒரு டீச்சரோட கேள்விக்கு பதில்

கேள்வி:

மேடம், நான் வீட்டுலயே டியூஷன் எடுக்கறேன். என்கிட்ட படிக்கற பொண்ணு ஒருத்திக்கு 15 வயசு. அப்பா கூட இல்ல, அம்மா நைட் ஷிஃப்ட் போறவங்க. நல்லா படிச்சிட்டு இருந்த புள்ள, கொஞ்ச மாசமா ஆளே மாறிட்டா. கிளாஸ்ல தூங்கி விழறா, கையில புது போன், பழைய போனும் பையில இருக்கு. 'அண்ணா'ன்னு சொல்லி ஒருத்தர் கார்ல வந்து கூட்டிட்டுப் போறார், 30 வயசு இருக்கும், சில நாள் வேற ஆள் வர்றார். போன் அடிச்சா பதறி எடுக்கறா, கேமராவைச் சுத்திக் காட்டி "டியூஷன்லதான் இருக்கேன்"னு வீடியோ எடுத்து அனுப்பறா. போன வாரம் கூடப் படிக்கற இன்னொரு பொண்ணுகிட்ட "சும்மா பார்ட்டிதான், நீயும் வா, காசு கிடைக்கும்"னு சொல்லியிருக்கா, அந்தப் பொண்ணு பயந்துபோய் என்கிட்ட வந்து சொன்னா. எனக்கு வயித்தைக் கலக்குது. என் வீட்டுக்காரர் "அடுத்தவங்க வீட்டு விஷயம், போலீஸ் கேஸுன்னு கடைசில நம்ம தலையில வந்து விடியும், விட்டுடு"ங்கறார். நான்தான் ஓவரா யோசிக்கறேனா? அவளையே கேட்டுடவா, இல்ல அவங்க அம்மாகிட்ட சொல்லிடவா? தப்பா இருந்தா ஒரு பொண்ணோட பேரு கெட்டுடுமே?

பதில்:

ஓவரா யோசிக்கல டீச்சர். நீங்க எழுதினதை வச்சு நான் சொல்றது, இன்னிக்கே போன் பண்ணி சொல்ல வேண்டிய விஷயம் இது, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்னு வைக்கற விஷயமில்ல. அவளைக் கேட்டு, அம்மாவைக் கேட்டு, ஊர்ஜிதம் பண்ணிட்டுத்தான் சொல்லணும்னு நினைக்காதீங்க. நிரூபிக்கற வேலை உங்களோடது இல்ல. பார்த்ததை பார்த்தபடி, சரியான ஆளுகிட்ட சொல்றதோட உங்க பங்கு முடியுது. மத்ததுக்கு அதுக்குன்னு ட்ரெயினிங் எடுத்தவங்க இருக்காங்க.

நான் குழந்தைகள் பாதுகாப்பு வேலையில இருக்கற கவுன்சிலர். இந்த மாதிரி கடிதம் வந்தா கார், புது போன், காசு இதுதான் எல்லார் கண்ணுலயும் முதல்ல படும். உங்க கடிதத்துல என்னை நிமிர்ந்து உட்கார வச்சது அந்த வீடியோ. ஒரு 15 வயசுப் பொண்ணு தான் எங்க இருக்கேன்னு இன்னொருத்தருக்கு நிரூபிச்சுக் காட்ட வேண்டிய நிலைமையில இருக்கா, அதுவும் போன் அடிச்ச உடனே, அதுவும் பதறிக்கிட்டு. வாய்ல சொன்னா நம்ப மாட்டாங்க, சுத்திக் காட்டணும். லவ் பண்ற பசங்க கூட 'எங்க இருக்க'ன்னு நச்சரிப்பாங்கதான், ஆனா லவ்வுல திட்டு விழுமேன்னு வர்ற பதட்டம் வேற, இந்தப் பதட்டம் வேற, இதுல லேட்டா எடுத்தா என்னமோ நடக்கும்ங்கற பயம் இருக்கு. அவளோட நேரமும் உடம்பும் இன்னொருத்தர் கண்ட்ரோல்ல இருக்குங்கறதுக்கு நான் பார்க்கற அடையாளங்கள்ல இது முக்கியமான ஒண்ணு.

ரெண்டாவது, வேற வேற ஆள் வந்து கூட்டிட்டுப் போறது. மூணாவது, "நீயும் வா, காசு கிடைக்கும்". இந்த மூணும் ஒரே பொண்ணுகிட்ட சேர்ந்து இருக்கு. தனித்தனியா எடுத்தா ஒவ்வொண்ணுக்கும் ஒரு சாக்கு இருக்கும், தூக்கத்துக்கு ராத்திரி முழுக்க ரீல்ஸ் பார்த்தான்னு ஒரு காரணம், போனுக்கு மாமா வாங்கிக் குடுத்தார்னு ஒரு காரணம். சேர்த்துப் பார்க்கும்போதுதான் விஷயம் புரியும், சேர்த்துப் பார்க்கற இடத்துல இப்போதைக்கு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க.

அவ 'விருப்பப்பட்டுத்தான்' போறான்னு யாராவது உங்ககிட்ட சொல்வாங்க, ஏன், அவளே சொல்வா. அதை இங்கயே பேசிடறேன். 2000ல ஐ.நா. கொண்டு வந்த ஆள்கடத்தல் தடுப்பு ஒப்பந்தம் ஒண்ணு இருக்கு, பலேர்மோ புரோட்டோகால்னு சொல்வாங்க, உலகத்துல பெரும்பாலான நாடுங்க கையெழுத்துப் போட்டிருக்கு. பெரியவங்க விஷயத்துல மிரட்டல், ஏமாத்தல், பலவந்தம் இப்படி ஏதாவது இருந்தாதான் அது கடத்தல்னு அந்த ஒப்பந்தம் சொல்லுது. 18 வயசுக்குக் கீழன்னா அதெல்லாம் காட்ட வேண்டிய அவசியமே இல்ல. சுரண்டறதுக்காக ஒரு குழந்தையை ஆள் சேர்த்தாலோ, கூட்டிட்டுப் போனாலோ, இடம் குடுத்தாலோ, இன்னொருத்தர்கிட்ட ஒப்படைச்சாலோ அதுவே கடத்தல்தான். குழந்தை சிரிச்சுக்கிட்டே கார்ல ஏறினாலும் சட்டம் அதை சம்மதம்னு எடுத்துக்காது. எல்லை தாண்டணும், ஊர் விட்டு ஊர் போகணும்னு கூட இல்ல. தினமும் ராத்திரி சொந்த வீட்டுல தூங்கி எழுந்து யூனிஃபார்ம் போட்டு ஸ்கூலுக்குப் போற குழந்தையும் இந்த வலையில இருக்கலாம், இதை அடிக்கோடு போட்டுப் படிங்க, ஏன்னா 'வீட்டுலதானே இருக்கா, அப்புறம் என்ன கடத்தல்'னு சொல்லியே எத்தனையோ பேர் கண்ணை மூடிக்கறாங்க.

நம்ம மண்டைக்குள்ள கடத்தல்னா இன்னும் வேன், மயக்க மருந்து, வாயைப் பொத்தித் தூக்கிட்டுப் போறது, இதுதான் ஓடுது. அப்படியும் நடக்கலாம், ஆனா இந்த வேலையில அடிக்கடி பார்க்கற ஆள் வேற மாதிரி. அவன் முதல்ல காது குடுத்துக் கேட்கறவன். வீட்டுல யாரும் கவனிக்காத புள்ளைய 'நீ எவ்ளோ ஸ்மார்ட்டு'ன்னு சொல்றவன். அண்ணன், மாமா, லவ்வர், 'மேனேஜர்', அக்கான்னு ஏதோ ஒரு உறவு சொல்லிக்கிட்டு வருவான், பொம்பளைங்களும் இதுல இருக்காங்க. பரிசு வரும், போன் வரும், வெளிய கூட்டிட்டுப் போவாங்க, 'இது நமக்குள்ள மட்டும்'னு ஒரு ரகசியம் ஆரம்பிக்கும். கொஞ்ச நாள்ல வாங்கின பரிசெல்லாம் கடனா மாறிடும், இல்லன்னா ஒரு போட்டோ அவங்க கையில இருக்கும், வீட்டுக்கு அனுப்பிடுவேன்ங்கற மிரட்டல் இருக்கும். அப்ப அந்தப் புள்ள யாருகிட்ட சொல்லும்? சொன்னா முதல்ல திட்டு வாங்கப் போறது தான்தான்னு அதுக்கு நல்லா தெரியும்.

இன்னொரு பொண்ணைக் கூப்பிட்டாளே, அதைப் பார்த்துட்டு இவளே ஒரு மாதிரின்னு முடிவு கட்டிடாதீங்க. 'ஒருத்தியைக் கூட்டிட்டு வந்தா உன்னை விட்டுடறேன், கடன் கழிஞ்சிடும்'னு சொல்லி குழந்தையை வச்சே குழந்தையைப் பிடிக்கறது இந்தக் கும்பலுங்களோட பழைய வழி. அவளும் பாதிக்கப்பட்ட குழந்தைதான். போன் பண்ணும்போது நீங்க பேசற தொனியிலயும் இது இருக்கணும், 'மத்த புள்ளைங்களைக் கெடுக்கறா'ன்னு ஆரம்பிச்சீங்கன்னா கேட்கறவங்க மனசுலயும் அவ குற்றவாளியாத்தான் பதிவாவா.

பசங்களைப் பத்தியும் ஒரு வார்த்தை. பையன்னா நமக்கு சந்தேகமே வர்றதில்ல. காசு புழங்குது, பெரியவங்களோட சுத்தறான், ராத்திரி வீட்டுக்கு வர்றதில்லன்னா 'ரவுடி ஆயிட்டான்'னு பேரு வச்சிட்டு போயிடறோம். அதே அடையாளங்கள்தான், அதே கேள்விகள்தான் கேட்கணும்.

இதைப் படிக்கற மத்தவங்களுக்கும் சேர்த்து சொல்லிடறேன், எங்க வேலை பார்க்கறோமோ அதைப் பொறுத்து கண்ணுல படற விஷயம் மாறும். ஆஸ்பத்திரியில இருக்கறவங்களுக்கு, கூட வந்த ஆள் குழந்தையைப் பேசவே விடாம எல்லாத்துக்கும் தானே பதில் சொல்றது, வயசு கேட்டா, விலாசம் கேட்டா குழந்தை அந்த ஆள் மூஞ்சியப் பார்த்துட்டுச் சொல்றது, காயத்துக்குச் சொல்ற காரணம் காயத்தோட ஒட்டாம இருக்கறது. லாட்ஜ், ஹோட்டல் ரிசப்ஷன்ல இருக்கறவங்களுக்கு, குழந்தையோட அடையாள அட்டை வேற ஆள் பாக்கெட்ல இருக்கறது, லக்கேஜ் இல்லாம வர்றது, ரூமுக்கு மணிக்கொரு ஆள் வந்து போறது, ரூமை சுத்தம் பண்ண உள்ளயே விடாம இருக்கறது. டாக்ஸி ஓட்டறவங்களுக்கு, தான் எங்க போறோம்னே தெரியாத குழந்தை. ஸ்கூல் டீச்சர்களுக்கு, காரணமில்லாத லீவு, பழைய ஃப்ரெண்ட்ஸ் எல்லாரையும் ஒரேயடியா விட்டுட்டது, வயசுக்கு மீறின பேச்சு, மனப்பாடம் பண்ணின மாதிரி ஒரே பதில். வீட்டுல இருக்கறவங்களுக்கு, ஆன்லைன்ல முகமே பார்க்காத ஒரு 'ஃப்ரெண்ட்', ரெண்டாவது அக்கவுண்ட், யாராவது பக்கத்துல வந்தா டக்குனு கவுத்து வைக்கற போன். இதுல ஒண்ணு இருந்துட்டா கடத்தல்னு அர்த்தமில்ல, வீட்டுல அடி, போதைப் பழக்கம், மன அழுத்தம்னு வேற ஏதாவதா இருக்கலாம். ஆனா அப்படி இருந்தாலும் அந்தக் குழந்தைக்கு உதவி வேணும்தானே? அதனால 'தப்பா இருந்துட்டா'ங்கற பயத்துக்கு என் பதில், நீங்க நினைச்சது இல்லாம வேற ஒண்ணா இருந்தாலும் அந்த போன் கால் வீண் போகாது.

இப்ப நீங்க செய்யக் கூடாததைச் சொல்றேன், ஏன்னா நல்ல மனசுக்காரங்கதான் இதுல அதிகமா மாட்டிக்கறாங்க.

அந்த 'அண்ணா'கிட்ட போய் 'நீங்க யாரு'ன்னு கேட்காதீங்க. உங்களுக்கு ஆபத்துங்கறது ஒரு பக்கம், அவனுக்கு சந்தேகம் வந்த அடுத்த நாளே அவ டியூஷனுக்கு வர மாட்டா, போன் நம்பர் மாறிடும், ஊரே கூட மாறிடலாம், அப்புறம் தேடறது ரொம்பக் கஷ்டம். கார் பின்னாடி ஸ்கூட்டர் எடுத்துட்டுப் போகாதீங்க. அவ தூங்கும்போது போனை எடுத்துப் பார்க்காதீங்க. பார்த்தே தீரணும்னு கை பரபரக்கும், தெரியும், ஆனா அதுல ஏதாவது படம் இருந்து அதை நீங்க 'ஆதாரம்'னு உங்க போனுக்கு அனுப்பிக்கிட்டீங்கன்னா, குழந்தையோட அந்த மாதிரி படத்தை வச்சிருக்கறதும் அனுப்பறதும் பல நாட்டுல தனிக் குற்றம். இந்தியாவுல உச்ச நீதிமன்றமே 2024 செப்டம்பர்ல இதைப் பத்தி கண்டிப்பான தீர்ப்பு குடுத்திருக்கு. தானா உங்க கண்ணுல பட்டுட்டா காப்பி எடுக்காதீங்க, யாருக்கும் அனுப்பாதீங்க, எங்க பார்த்தீங்க, எந்த அக்கவுண்ட்னு மட்டும் எழுதிச் சொல்லுங்க.

வாட்ஸ்அப் குரூப் பக்கமே போகாதீங்க. கார் நம்பரும் அந்த ஆள் போட்டோவும் போட்டு 'உஷார்'னு ஃபார்வர்ட் பண்ணணும்னு யாராவது ஐடியா குடுப்பாங்க. 2018ல புள்ளை புடிக்கறவங்க வந்திருக்காங்கன்னு பரவின ஃபார்வர்டால இந்தியாவுல எத்தனையோ ஊர்ல சம்பந்தமே இல்லாத அப்பாவிகளை அடிச்சே கொன்னுட்டாங்க, மறந்திருக்க மாட்டீங்க. 2020ல அமெரிக்காவுல ஒரு ஃபர்னிச்சர் கம்பெனி அலமாரிக்குள்ள வச்சு குழந்தைகளை விக்குதுன்னு ஒரு வதந்தி ஓடி, ஹெல்ப்லைனுக்கு அதைப் பத்தியே போன் குவிஞ்சு, நிஜமா உதவி தேவைப்பட்டவங்க கால் காத்திருக்க வேண்டியதா போச்சு. கடைசியா, குரூப்ல போட்டா அந்தப் பொண்ணு யாருன்னு ஊருக்கே தெரிஞ்சிடும், நீங்க பயந்தீங்களே பேரு கெட்டுடும்னு, அது அங்கதான் கெடும், ஹெல்ப்லைன்ல சொல்றதால கெடாது.

அம்மாகிட்ட சொல்றதா? இது கொஞ்சம் கஷ்டமான இடம். ஐ.நா.வோட இடம்பெயர்வு அமைப்பான ஐஓஎம் சேர்த்து வச்ச கேஸ் விவரங்களைப் பார்த்தா, குழந்தைக் கடத்தல்ல கிட்டத்தட்ட பாதி கேஸ் குடும்பத்துல இருக்கற யாரோ ஒருத்தரோட சம்பந்தத்தோடதான் ஆரம்பிச்சிருக்கு. அந்த அம்மா அப்படிப்பட்டவங்கன்னு நான் சொல்லவே இல்ல, நைட் ஷிஃப்ட் போய் தனியா புள்ளைய வளர்க்கறவங்க, பெரும்பாலும் அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாமத்தான் இருக்கும். ஆனா உங்களுக்கும் எனக்கும் அது உறுதியா தெரியாதே. ஒண்ணும் தெரியாத அம்மாவா இருந்தாக்கூட, நீங்க திடீர்னு சொன்னா என்ன நடக்கும்? பொண்ணை நாலு சாத்து சாத்தி, போனைப் புடுங்கி, அதுலேர்ந்தே அவனுக்கு அடிச்சு 'என் பொண்ண விட்டுடுடா'ன்னு கத்துவாங்க. பெத்த வயிறு, அப்படித்தான் பண்ணும். அவன் உஷாராயிடுவான். அதனால முதல் போன் ஹெல்ப்லைனுக்கு. அம்மாகிட்ட யாரு, எப்ப, எப்படிப் பேசறதுன்னு அவங்க முடிவு பண்ணட்டும். உங்ககிட்ட வந்து சொன்னாளே அந்த இன்னொரு பொண்ணு, அவளோட பெத்தவங்ககிட்ட என்ன சொல்லணும்னும் அதே கால்ல கேட்டுக்கங்க. அதுவரைக்கும் அவகிட்ட 'நீ சொன்னது ரொம்ப நல்லது, உன் பேரு வெளிய வராம பார்த்துக்கறேன், அவ கூப்பிட்டா எங்கயும் போகாத'ன்னு மட்டும் சொல்லி வைங்க.

போன் பண்றதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் உட்கார்ந்து ஒரு நோட்டுல எழுதுங்க. "நடவடிக்கை சரியில்ல, சந்தேகமா இருக்கு"ன்னு எழுதினா யாருக்கும் பிரயோஜனமில்ல. இப்படி எழுதுங்க: "செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் 6.10. வெள்ளை கார், நம்பரோட கடைசி நாலு எண் இது. ஓட்டினவர் ஒல்லி, தாடி, இடது கையில வாட்ச். அவ முன் சீட்ல ஏறல, பின்னாடி ஏறினா. பின்னாடி ஏற்கனவே ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். ஏறும்போது பழைய போனை ஸ்விட்ச் ஆஃப் பண்ணினா." அவ்வளவுதான். நீங்க கண்ணால பார்த்தது தனி, அந்தப் பொண்ணு வந்து சொன்னது தனி, உங்க யூகம் தனி. கார் நம்பர் முழுசா தெரியலன்னா தெரிஞ்ச வரைக்கும் எழுதுங்க, ஜன்னல் வழியா தானா தெரியற அளவுக்குப் போதும், அதுக்காக வாசல்ல போய் நிக்காதீங்க. சின்ன விஷயம்னு எதையும் தள்ளாதீங்க. ஐரோப்பிய யூனியனோட போலீஸ் அமைப்பான யூரோபோல் 2017லேர்ந்து ஒரு வேலை பண்ணிட்டிருக்கு, குழந்தைகளைத் துன்புறுத்தி எடுத்த படங்கள்ல பின்னாடி தெரியற பொருளை மட்டும், ஒரு பை, ஒரு சட்டை, ஒரு பாட்டில்னு வெட்டி எடுத்து, இது எந்த நாட்டுல கிடைக்கும்னு பொதுமக்கள்கிட்ட கேட்குது, அப்படி வந்த தகவலை வச்சே குழந்தைகளைக் கண்டுபிடிச்சிருக்காங்க. நீங்க கவனிச்ச ஒரு வாட்ச் கூட யாருக்காவது உதவும்.

எந்த நாட்டுலேர்ந்து எழுதறீங்கன்னு நீங்க போடல, அது நல்லதுதான், அதனால எனக்குத் தெரிஞ்ச நம்பரை எல்லாம் சொல்றேன், உங்களுக்கு உரியதை எடுத்துக்கங்க. இந்தியான்னா 1098, குழந்தைகளுக்கான ஹெல்ப்லைன், 24 மணி நேரமும் இருக்கு, அவசரம்னா 112. இலங்கையில 1929, போலீஸ் 119. மலேசியாவுல 15999, அவசரத்துக்கு 999. சிங்கப்பூர்ல 999, இல்லன்னா வன்முறை தடுப்பு ஹெல்ப்லைன் 1800 777 0000. பிரிட்டன்ல அவசரம்னா 999, குழந்தையைப் பத்தி கவலைன்னா என்எஸ்பிசிசிங்கற குழந்தைகள் பாதுகாப்புத் தொண்டு அமைப்பு 0808 800 5000, நவீன அடிமைத்தன ஹெல்ப்லைன் 08000 121 700. அமெரிக்காவுல 911, கடத்தல் ஹெல்ப்லைன் 1 888 373 7888. கனடாவுல 911, கடத்தல் ஹெல்ப்லைன் 1 833 900 1010. ஆஸ்திரேலியாவுல 000, ஃபெடரல் போலீஸ் 131 237. அவளைக் காணோம், இன்னிக்கு ராத்திரி எங்கயோ கூட்டிட்டுப் போறாங்க, உடம்புல காயம், இல்ல அவளே 'என்னைக் காப்பாத்துங்க'ன்னு சொல்றா, இதுல எது நடந்தாலும் ஹெல்ப்லைனுக்குக் காத்திருக்காதீங்க, நேரா அவசர நம்பர்.

எடுக்கறவங்க என்ன கேட்பாங்கன்னு ஒரு பயம் இருக்கும். குழந்தைக்கு என்ன வயசு, இப்ப எங்க இருக்கு, உடனடி ஆபத்து இருக்கா, நீங்க என்ன பார்த்தீங்க, எத்தனை நாளா, அந்த ஆளைப் பத்தி என்ன தெரியும், அடுத்து அவ எப்ப உங்க வீட்டுக்கு வருவா. கடைசிக் கேள்விக்கு நீங்க குடுக்கற பதில்தான் அவங்களுக்கு தங்கம் மாதிரி, ஏன்னா அவளைப் பாதுகாப்பா, அந்த ஆள் இல்லாத நேரத்துல சந்திக்கக் கூடிய ஒரே இடம் உங்க வீடா இருக்கலாம். பேரு சொல்ல விருப்பமில்லன்னா அதை முதல்லயே சொல்லிடுங்க, பல ஹெல்ப்லைன்ல பேரு இல்லாமலும் தகவலை எடுத்துப்பாங்க.

உங்க வீட்டுக்காரர்கிட்ட இந்தப் பாராவைக் காட்டுங்க. நீங்க இந்தியாவுல இருந்தீங்கன்னா, குழந்தைகளைப் பாலியல் குற்றங்கள்லேர்ந்து பாதுகாக்க 2012ல வந்த போக்சோ சட்டத்தோட 19வது பிரிவு, குழந்தைக்கு எதிரா இப்படி ஒரு குற்றம் நடந்திருக்குன்னோ நடக்கப் போகுதுன்னோ தெரிய வந்தா யாரா இருந்தாலும் சொல்லியே ஆகணும்ங்குது. சொல்லாம விட்டா 21வது பிரிவுல 6 மாசம் வரைக்கும் ஜெயிலோ, அபராதமோ, ரெண்டுமோ இருக்கு. அதே 19வது பிரிவு, நல்லெண்ணத்தோட தகவல் சொன்னவங்க மேல எந்த வழக்கும் போட முடியாதுன்னும் சொல்லுது. ஒருத்தரை அவமானப்படுத்தவோ, மிரட்டவோ, பேரைக் கெடுக்கவோன்னே பொய் சொன்னாதான் தண்டனை. அதாவது விட்டுடறதுதான் ரிஸ்க், சொல்றது இல்ல. பொண்ணை ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போவாங்களேன்னு கவலை இருந்தா, அவ வாக்குமூலத்தை அவ வீட்டுலயோ அவ விரும்பற இடத்துலயோதான் வாங்கணும், முடிஞ்சவரை பெண் எஸ்.ஐ.யா இருக்கணும், யூனிஃபார்ம்ல வரக் கூடாது, ராத்திரி ஸ்டேஷன்ல வைக்கவே கூடாது, 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போகணும், அவ பேரோ போட்டோவோ மீடியாவுல வரக் கூடாது, இதெல்லாம் சட்டத்துலயே எழுதியிருக்கு. எல்லா ஸ்டேஷன்லயும் இதை அச்சுப் பிசகாம செய்வாங்களான்னு கேட்டா நான் வாயை மூடிக்கறேன், ஆனா இது உரிமைன்னு உங்களுக்குத் தெரிஞ்சா கேட்டு வாங்கலாம். வேற நாட்டுல இருந்தீங்கன்னாலும் டீச்சர், டாக்டர் மாதிரி குழந்தைகளோட வேலை பார்க்கறவங்க சொல்லியே ஆகணும்னு பல இடத்துல சட்டம் இருக்கு.

சரி, அவகிட்ட என்னதான் பேசறது? விசாரிக்காதீங்க. 'அவன் உன்னை ஏதாவது பண்ணினானா'ன்னு நேரா போட்டு உடைக்காதீங்க. தனியா இருக்கற நேரமா பார்த்து, முக்கியமா அவ போன் கால்ல இல்லன்னு பார்த்துட்டு, சில சமயம் லைன்லயே வச்சிருக்கச் சொல்லி அந்தப் பக்கம் ஒருத்தன் கேட்டுக்கிட்டிருப்பான், சாதாரணமா சொல்லுங்க: "கொஞ்ச நாளா ரொம்ப டயர்டா தெரியறம்மா. எனக்கு உன் மேல கோபமே இல்ல. எந்தச் சிக்கல்ல இருந்தாலும் நீ என்கிட்ட வரலாம், நான் திட்ட மாட்டேன்." இவ்வளவு போதும். 'ஒண்ணுமில்ல டீச்சர்'னுதான் சொல்வா, எரிஞ்சு கூட விழுவா, அந்த 'அண்ணா' ரொம்ப நல்லவருன்னு சண்டைக்கு வருவா. விட்டுடுங்க, வற்புறுத்தாதீங்க.

ஒருவேளை அவளா பேச ஆரம்பிச்சிட்டான்னா நடுவுல குறுக்கிடாம கேளுங்க. அதிர்ச்சியை முகத்துல காட்டாதீங்க, உங்க மூஞ்சி மாறினா அவ வாயை மூடிப்பா. நோண்டி நோண்டி விவரம் கேட்காதீங்க, அதைக் கேட்கறதுக்குப் பயிற்சி எடுத்தவங்க ஒரே தடவை கேட்டா போதும், ஆளுக்கு ஆள் திரும்பத் திரும்பக் கேட்டா அந்தப் புள்ளைக்கும் வலி, கேஸும் கோர்ட்ல பலவீனமாயிடும். வீடியோ எடுக்காதீங்க. அவ கிளம்பினதும் அவ சொன்ன வார்த்தையை அப்படியே, உங்க வார்த்தையா மாத்தாம எழுதி வைங்க. 'யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க'ன்னு கேட்பா, கண்டிப்பா கேட்பா, அங்க சத்தியம் பண்ணாதீங்க. "உன்னைப் பத்திரமா வைக்கறதுக்கு உதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்வேன், ஊர்ல யாருக்கும் சொல்ல மாட்டேன்"னு உண்மையைச் சொல்லுங்க. பொய் சத்தியம் பண்ணிட்டு அப்புறம் போலீஸ் வந்து நின்னா, அவ மறுபடியும் ஒரு பெரியவங்களை நம்பவே மாட்டா.

போட்டோவை வச்சு மிரட்டறாங்கன்னு சொன்னா அவகிட்ட ரெண்டு விஷயம் சொல்லுங்க. காசு குடுத்தாலோ அவங்க சொன்னதைச் செஞ்சாலோ மிரட்டல் நிக்காது, கூடத்தான் செய்யும். அப்புறம், 18 வயசுக்குள்ள எடுத்த படம் பரவாம தடுக்க 'டேக் இட் டவுன்'னு ஒரு இலவச சேவை இருக்கு, அமெரிக்காவுல இருக்கற காணாமல் போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்தறது, எந்த நாட்டுலேர்ந்தும் பயன்படுத்தலாம். படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்ல, அவ போன்லயே அந்தப் படத்துக்கு ஒரு டிஜிட்டல் கைரேகை மாதிரி உருவாகும், அது மட்டும்தான் போகும், இதுல சேர்ந்திருக்கற தளங்கள் அதை வச்சு படத்தைத் தேடி எடுக்க முடியும். மெசேஜையெல்லாம் பயத்துல அழிச்சிட வேண்டாம்னும் சொல்லுங்க, கேஸுக்கு அது வேணும்.

போன் பண்ணினதும் ரெஃபரன்ஸ் நம்பர் கேட்டு வாங்குங்க, பேசினவர் பேரு, நேரம் எல்லாத்தையும் அதே நோட்டுல எழுதுங்க. அடுத்த நாளே எல்லாம் மாறிடும்னு எதிர்பார்க்காதீங்க, உள்ளுக்குள்ள என்ன நடக்குதுன்னு உங்களுக்குச் சொல்லவும் மாட்டாங்க, அது அந்தப் பொண்ணோட நல்லதுக்குத்தான். நடுவுல அவ வழக்கம்போல டியூஷன் வந்தா நீங்களும் வழக்கம்போல பாடம் எடுங்க, ஃபீஸ் பாக்கின்னோ ஹோம்வொர்க் செய்யலன்னோ வெளிய அனுப்பிடாதீங்க. நாலஞ்சு நாளாகியும் யாரும் வந்து பார்த்த மாதிரி தெரியலன்னா, இல்ல புதுசா ஏதாவது கண்ணுல பட்டா, அதே ரெஃபரன்ஸ் நம்பரைச் சொல்லி மறுபடியும் கூப்பிடுங்க, தொல்லை பண்றோமேன்னு யோசிக்காதீங்க. அப்பவும் ஒண்ணும் நகரலன்னா எனக்கு எழுதுங்க, பொண்ணோட பேரு போடாம, எந்த நாடுன்னு மட்டும் போட்டு. அங்க மேல யாருகிட்ட போகணும்னு சொல்றேன்.